குவார்ட்டர்பேக்கை அளக்கிறார்கள், அணியை யார் அளப்பது?

2018 ஏப்ரல் 26ஆம் தேதி இரவு, டெக்சாஸ் மாநிலத்தின் ஆர்லிங்டன் நகரில் அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்., கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் அந்த ஆண்டுக்கான முதல் சுற்றை நடத்தியது. கல்லூரி ஆட்டத்தை முடித்துவிட்டு வந்த ஐந்து குவார்ட்டர்பேக்குகளுக்கு, அதாவது பந்தை வீசித் தாக்குதலை நடத்துபவர்களுக்கு, அன்றிரவு அணி கிடைத்தது. முதல் இடத்தில் பேக்கர் மேஃபீல்ட். மூன்றில் சாம் டார்னால்ட், ஏழில் ஜாஷ் ஆலன், பத்தில் ஜாஷ் ரோசன். சுற்றின் கடைசி இடமான 32இல் லமார் ஜாக்சன்.

அந்த வரிசைக்கும் பிறகு நடந்தவற்றுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. 32ஆவதாக வந்தவர் லீகின் மிகச் சிறந்த வீரர் விருதை இரண்டு முறை வென்றார். ஏழாவதாக வந்தவர் ஒரு முறை வென்றார். முதலாவதாக வந்தவரை எடுத்த அணியே நான்கு ஆண்டுகளில் கைகழுவிவிட்டது. மூன்றாவதாக வந்தவர் அணி அணியாக அலைந்து, எட்டாவது சீசனில் ஐவரில் முதல் ஆளாக, லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை வென்றார். பத்தாவதாக வந்தவர் 25 வயதைத் தொடுவதற்கு முன்பே இந்த லீகில் தன் கடைசி ஆட்டத்தை ஆடிவிட்டார்.

'கணிப்பு பொய்த்தது' என்று சொல்லிவிட்டு அடுத்த ஆண்டின் பட்டியலுக்குப் போய்விடுவதுதான் வழக்கம். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. ஒரு குவார்ட்டர்பேக் என்ன ஆவார் என்ற கணக்கில் பாதிதான் அவர். மறுபாதி, அவரை எடுக்கும் அணி. ஏப்ரல் மாதம் நெருங்க நெருங்க அந்த முதல் பாதியை அங்குலம் அங்குலமாக அளக்கிறார்கள். மறுபாதியைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை.

டிராஃப்ட் என்பது ஏலம் அல்ல. ஐபிஎல் ஏலத்தைப் பார்த்துப் பழகியவர்கள் இதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். இங்கே யாரும் விலை கூவுவதில்லை. முறை வைத்து ஆள் எடுக்கிறார்கள். முந்தைய சீசனில் படுமோசமாகத் தோற்ற அணிக்கு முதல் முறை, சாம்பியனுக்குச் சுற்றின் கடைசி முறை. மொத்தம் 32 அணிகள், ஏழு சுற்றுகள். உயர்நிலைப் பள்ளியை முடித்து மூன்று ஆண்டுகளாவது ஆகியிருந்தால்தான் ஒருவர் இதற்குத் தகுதி பெறுவார். எந்த அணி பெயரைச் சொல்கிறதோ அந்த அணியோடுதான் அவர் ஒப்பந்தம் பேச முடியும். பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளராக இருந்த பெர்ட் பெல் 1935இல் முன்வைத்த யோசனை இது. நல்ல ஆட்டக்காரர்களைப் பணக்கார அணிகளே அள்ளிக்கொண்டால் லீக் பிழைக்காது என்று அவர் வாதாடினார். 1936இல் நடந்த முதல் டிராஃப்டில் முதலாவதாக அழைக்கப்பட்ட ஜே பெர்வாங்கர் கடைசிவரை என்.எஃப்.எல்.லில் ஆடவே இல்லை என்பது வேறு கதை.

நலிந்த அணிக்கு முதல் வாய்ப்பு என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. மற்ற இடங்களில் ஆடுபவர்களுக்கு அது பெரும்பாலும் நன்றாகவே பொருந்தியும் வருகிறது. குவார்ட்டர்பேக் விஷயத்தில்தான் அது இடிக்கிறது. அணி ஏன் கடைசி இடத்தில் கிடக்கிறது? குவார்ட்டர்பேக்கைக் காக்கும் தடுப்பு வரிசை ஓட்டையாக இருக்கலாம், பந்தைப் பிடிக்க ஆள் இல்லாமல் இருக்கலாம், பயிற்சியாளரை ஆண்டுக்கொரு முறை மாற்றும் உரிமையாளர் இருக்கலாம். அந்த ஆண்டின் மிகத் திறமையான 21 வயது இளைஞர் நேராக அந்த இடத்துக்குத்தான் அனுப்பப்படுகிறார். இதை உணர்ந்து மறுத்தவர்கள் உண்டு. 1983இல் ஜான் எல்வே, பால்டிமோர் கோல்ட்ஸ் அணிக்கு ஆட மாட்டேன், பேஸ்பால் ஆடப் போய்விடுவேன் என்று உறுதியாக நின்று டென்வருக்கு மாறினார். 2004இல் ஈலை மேனிங், சான் டியாகோ வேண்டாம் என்று சொல்லி நியூயார்க் ஜயண்ட்ஸுக்குப் போனார். இருவரும் தலா இரண்டு சூப்பர் பௌல் வென்றார்கள். இருவருக்கும் அப்படி நிற்பதற்கான குடும்பப் பின்னணி இருந்தது. எல்வேயின் தந்தை கல்லூரிப் பயிற்சியாளர். ஈலையின் தந்தை ஆர்ச்சி மேனிங், தோற்றுக்கொண்டே இருந்த ஓர் அணியில் தன் குவார்ட்டர்பேக் வாழ்க்கையின் பெரும்பகுதியைக் கழித்தவர். மற்ற இளைஞர்களுக்கு இந்தத் துணிவு எளிதில் வருவதில்லை.

தாக்கும் அணியின் ஏறக்குறைய எல்லா ஆட்டமும் குவார்ட்டர்பேக்கின் கையில்தான் தொடங்குகிறது. தலைக்கவசத்துக்குள் இருக்கும் வானொலியில் பயிற்சியாளர் திட்டத்தைச் சொல்கிறார். நேரக் கடிகாரத்தில் 15 நொடி மிச்சமிருக்கும்போது அந்த வானொலி அடங்கிவிடும். அதன்பின் அவர் தனி ஆள். எதிரில் நிற்கும் பதினொரு பேரின் நிலையைப் பார்த்து, வருவது உண்மையான தாக்குதலா பாசாங்கா என்று ஊகித்து, தேவைப்பட்டால் திட்டத்தையே மாற்ற வேண்டும். பந்து கைக்கு வந்ததும் மூன்று நொடிக்குள் வீசிவிட வேண்டும். இல்லையென்றால் 130 கிலோ எடையுள்ள ஒருவர் மேலே விழுவார்.

கல்லூரி ஆட்டம் இதற்கு முழுப் பயிற்சியாக அமைவதில்லை. ஆடுகளத்தில் பந்தை வைக்கும் இரண்டு கோடுகளுக்கு நடுவே கல்லூரியில் 40 அடி இடைவெளி, என்.எஃப்.எல்.லில் பதினெட்டரை அடிதான். அதனால் கல்லூரியில் ஒரு பக்கம் பரந்து கிடக்கும், அந்தப் பக்கத்தில் பந்து பிடிப்பவர் தனியாக நிற்பார். தொழில்முறை ஆட்டத்தில் அந்த வெளி கிடைக்காது. எதிரணியின் இரண்டு தடுப்பாளர்களுக்கு இடையிலுள்ள சந்தில், பிடிப்பவர் அங்கே வந்து சேர்வதற்கு முன்பே பந்தை அனுப்பியாக வேண்டும். பல கல்லூரிகளில் இளைஞர் ஓரத்தைப் பார்ப்பார், பயிற்சியாளர்கள் அட்டையையோ கைச்சைகையையோ காட்டுவார்கள், அவர்களே எதிரணியைப் படித்துத் திட்டத்தை மாற்றியும் கொடுத்துவிடுவார்கள். தலைக்கவச வானொலியே கல்லூரி ஆட்டத்தின் மேல்தட்டுக்கு 2024இல்தான் வந்தது. 70 சதவீத வீச்சுகளைச் சரியாகச் சேர்த்த ஓர் இளைஞரின் எண்களில் அவர் கண் எவ்வளவு, பயிற்சியாளரின் மூளை எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது தேர்வாளர்களுக்குப் பெரும்பாடு.

அதனால்தான் இத்தனை அளவீடுகள். 1987 முதல் இண்டியானாபொலிஸ் நகரில் ஆண்டுதோறும் நடக்கும் 'கம்பைன்' முகாமில் உயரம், எடை, 40 கஜ ஓட்டம், மருத்துவப் பரிசோதனை என்று நாள்கணக்கில் பார்க்கிறார்கள். கையை விரித்து, கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை அளக்கிறார்கள். ஈரப் பந்து வழுக்கக் கூடாதாம். 2020இல் ஜோ பரோவின் கை 9 அங்குலம்தான் என்று பெரிதாகப் பேசினார்கள். சின்சினாட்டி அவரையே முதலாவதாக எடுத்தது, இரண்டாம் ஆண்டிலேயே அவர் அந்த அணியை சூப்பர் பௌலுக்குக் கூட்டிப்போனார். 12 நிமிடத்தில் 50 கேள்விகளுக்கு விடை எழுதும் வொண்டர்லிக் தேர்வு பல பத்தாண்டுகள் நடந்து, 2022இல் முகாமிலிருந்து கைவிடப்பட்டது.

இவற்றில் எனக்கு மதிப்புள்ளதாகப் படுவது வெள்ளைப் பலகைப் பேட்டி. ஓர் அறையில் இளைஞரை உட்கார வைத்து, பயிற்சியாளர் ஒரு திட்டத்தை வரைந்து விளக்குகிறார். பிறகு பலகையை அழித்துவிட்டு ஊர், குடும்பம், பழைய ஆட்டம் என்று வேறெதையோ பேசுகிறார். சிறிது நேரம் கழித்து, முதலில் வரைந்ததை அப்படியே திரும்ப வரையச் சொல்கிறார். யார் எங்கே ஓடுவார், எதிரணி இடம் மாறினால் முதலில் யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வரைய வேண்டும். ஒருவர் புதிய மொழியை எவ்வளவு வேகமாக உள்வாங்குகிறார் என்று இதில் தெரியும். ஆனால் அந்த அறையில் கேள்வி கேட்பவர் எப்போதும் அணிதான். 'என்னை எடுத்தால் அடுத்த ஆண்டும் நீங்கள் இதே வேலையில் இருப்பீர்களா?' என்று அந்த இளைஞர் திருப்பிக் கேட்க முடிந்தால் பல கதைகள் மாறியிருக்கும்.

ஜாஷ் ரோசனின் கதை கட்டாயம் மாறியிருக்கும். யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர், அந்த ஐவரில் வீசும் பாணி மிக அழகாக இருந்தது அவருக்குத்தான் என்று அப்போது பலரும் ஒப்புக்கொண்டார்கள். அரிசோனா கார்டினல்ஸ் வேறோர் அணியோடு முறையை மாற்றிக்கொண்டு 15ஆம் இடத்திலிருந்து மேலே ஏறி, பத்தாவதாக அவரை எடுத்தது. 'எனக்கு முன்னால் ஒன்பது தவறுகள் நடந்திருக்கின்றன' என்று அன்றிரவு அவர் சொன்னதைத் திமிர் என்றார்கள். சீசன் தொடங்கியபோது தலைமைப் பயிற்சியாளர் ஸ்டீவ் வில்க்ஸ் புதியவர். தாக்குதல் பயிற்சியாளர் மைக் மெக்காய் பாதி சீசனில் நீக்கப்பட்டார். தடுப்பு வரிசை காயங்களால் சிதறியது. அந்த ஆண்டு லீகிலேயே மிகக் குறைந்த புள்ளிகள் எடுத்த அணி கார்டினல்ஸ். வென்றது மூன்று ஆட்டம், தோற்றது பதின்மூன்று. சீசன் முடிந்ததும் வில்க்ஸும் போனார். புதிதாக வந்த கிளிஃப் கிங்ஸ்பரிக்கு வேறொரு பாணி. அதற்கேற்ற கைலர் மரேயை 2019இல் முதல் இடத்தில் எடுத்துக்கொண்டார்கள். எடுத்த ஓராண்டுக்குள் ரோசனை மயாமிக்குக் கொடுத்துவிட்டார்கள். மயாமியில் மூன்று ஆட்டங்களுக்கு மட்டும் தொடக்க ஆட்டக்காரராக இறக்கினார்கள். அதன்பின் டாம்பா, சான்பிரான்சிஸ்கோ, அட்லாண்டா என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டே இருந்தார்.

ரோசன் நல்ல அணியில் பெரிய ஆளாகியிருப்பார் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. அவரிடமும் குறைகள் இருந்தன; பந்தைக் கையில் அதிக நேரம் வைத்திருந்தார். ஆனால் முதல் ஆண்டில் அவர் எதிர்கொண்ட நிலையில் யாராலும் கற்றுக்கொள்ள முடியாது. அப்படியிருக்க, தோல்விக்கு உதாரணமாக அவர் பெயரை மட்டும் சொல்வது எனக்கு வருத்தம் தருகிறது. அந்த அணி ஓராண்டில் செய்த தவறுகளுக்கு ஒரு பெயரும் இல்லை.

எதிர்ப்புறத்தில் ஜாஷ் ஆலன். கலிபோர்னியாவின் ஃபயர்பா என்ற சிற்றூரில் பண்ணைக் குடும்பத்தில் வளர்ந்தவர். பள்ளி முடித்தபோது எந்தப் பெரிய கல்லூரியும் அவரை அழைக்கவில்லை. ரீட்லி என்ற ஈராண்டுக் கல்லூரியில் ஆடினார். நாடெங்கும் உள்ள பயிற்சியாளர்களுக்குத் தன் ஆட்டப் பதிவுகளை மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்டே இருந்தார். கடைசியில் வயோமிங் பல்கலைக்கழகம் இடம் கொடுத்தது. தோள் வலிமையில் அவருக்கு நிகராக அந்த ஆண்டு யாரும் இல்லை. ஆனால் கல்லூரியில் அவருடைய வீச்சுகளில் 56 சதவீதம்தான் உரியவரிடம் சேர்ந்தன. கல்லூரியிலேயே குறி தவறுபவர் தொழில்முறையில் தேறியதில்லை என்பது பழைய பாடம். புள்ளிவிவரக்காரர்கள் பலர் அவரை எடுக்கவே கூடாது என்றார்கள். அவர்கள் சொன்னதில் தவறில்லை. அதுவரை இருந்த சான்றுகள் அப்படித்தான் இருந்தன.

பஃபலோ பில்ஸ் அவரை எடுத்த முதல் ஆண்டு 52.8 சதவீதம், பத்து டச்டவுன் வீச்சு (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்த்துப் புள்ளி எடுப்பது), எதிரணியிடம் பறிகொடுத்தவை பன்னிரண்டு. ரோசனின் எண்கள் பதினொன்றும் பதினான்கும். இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. பிரிந்தது அதற்குப் பிறகுதான். தலைமைப் பயிற்சியாளர் ஷான் மெக்டெர்மாட்டும் தாக்குதல் பயிற்சியாளர் பிரையன் டேபலும் அதே இடத்தில் இருந்தார்கள். 2019இல் தடுப்பு வரிசையைப் புதிதாகக் கட்டினார்கள். ஜான் பிரவுன், கோல் பீஸ்லி என்று இரண்டு பந்து பிடிப்பவர்களைக் கொண்டுவந்தார்கள். வீச்சு 58.8 சதவீதமானது. 2020இல் ஒரு முதல் சுற்று முறையைக் கொடுத்து மினசோட்டாவிடமிருந்து ஸ்டெஃபான் டிக்ஸை வாங்கினார்கள். ஆலனும் சும்மா இருக்கவில்லை; விடுமுறை மாதங்களில் கால் வைக்கும் முறையிலிருந்து வீசும் கோணம்வரை திருத்திக்கொண்டார். அந்த ஆண்டு 69.2 சதவீதம், 37 டச்டவுன். மூன்று ஆண்டுகள், ஒரே பயிற்சியாளர், ஒரே திட்ட மொழி, ஆண்டுக்கு ஆண்டு மேம்பட்ட துணை ஆட்டக்காரர்கள். உழைப்பு அவருடையது. அந்த உழைப்பு பலிக்கும்வரை காத்திருந்தது பஃபலோ.

இதிலிருந்து மற்ற அணிகள் கற்ற பாடம்தான் சோகம். பஃபலோ என்ன செய்தது என்பதை விட்டுவிட்டு ஆலன் எப்படிப்பட்டவர் என்பதைப் பிடித்துக்கொண்டார்கள். உயரம், தோள் வலிமை, ஓட்டம் இருந்தால் போதும், குறி பிறகு வந்துவிடும் என்று நம்பத் தொடங்கினார்கள். 2021இல் சான்பிரான்சிஸ்கோ 49அர்ஸ், வடக்கு டகோட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒரே ஒரு முழு சீசன் ஆடியிருந்த ட்ரே லேன்ஸுக்காக மூன்று முதல் சுற்று முறைகளைக் கொடுத்து மூன்றாம் இடத்துக்கு ஏறியது. அவர் அங்கே தொடங்கியது நான்கு ஆட்டங்கள், காயம் வேறு. அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டவர் 2022 டிராஃப்டின் கடைசி ஆளாக, 262ஆவதாக வந்த பிராக் பர்டி. அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகள் ஆடி அனுபவம் சேர்த்தவர். தோள் வலிமையில் யாரும் அவரைப் பெரிதாக மதிப்பிடவில்லை. 2023இல் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் நான்காவதாக எடுத்த ஆன்டனி ரிச்சர்ட்சன், கல்லூரியில் 13 ஆட்டங்களே தொடங்கியவர். அவருடைய உடல்வலிமையைக் கம்பைனில் பார்த்தவர்கள் வாய் பிளந்தார்கள். 2025 சீசன் தொடங்கும்போது அவர் தொடக்க ஆட்டக்காரராக இல்லை.

அணிகள் ஏன் இப்படி அவசரப்படுகின்றன? பணம் ஒரு காரணம், அதுவும் பெரிய காரணம். 2010இல் முதலாவதாக வந்த சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு ஆண்டுகளுக்கு 7.8 கோடி டாலர் ஒப்பந்தம். அதில் 5 கோடி உறுதி. 2011இல் லீகும் வீரர் சங்கமும் புதிய ஊதிய ஒப்பந்தம் செய்துகொண்டன. அந்த ஆண்டு முதலாவதாக வந்த கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுகளுக்கு ஏறக்குறைய 2.2 கோடிதான். அணியின் மொத்தச் சம்பளத்துக்கு 2024இல் இருந்த உச்சவரம்பு சுமார் 25.5 கோடி டாலர். அந்த ஆண்டு டாலஸ் தன் குவார்ட்டர்பேக் டேக் பிரெஸ்காட்டுக்கு ஆண்டுக்கு 6 கோடி தர ஒப்புக்கொண்டது. அதே 2024இல் முதலாவதாக வந்த கேலப் வில்லியம்ஸுக்கு நான்கு ஆண்டுக்கும் சேர்த்தே 4 கோடியைத் தொடவில்லை. அதாவது, புதிய குவார்ட்டர்பேக் தேறிவிட்டால் மிச்சமாகும் பணத்தில் சுற்றிலும் பலமான அணியைக் கட்டலாம். 2024இல் முதல் 12 முறைகளில் ஆறு குவார்ட்டர்பேக்குகள் போனதற்கு இதுதான் அடிப்படை. ஆனால் அந்த மலிவு நான்கைந்து ஆண்டுகளுக்குத்தான். கடிகாரம் ஓடுகிறது என்ற பதற்றத்தில் முதல் நாளே களத்தில் இறக்குகிறார்கள், இரண்டாம் ஆண்டிலேயே தீர்ப்பு எழுதுகிறார்கள்.

சாம் டார்னால்டுக்கு அப்படித்தான் எழுதினார்கள். தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து நியூயார்க் ஜெட்ஸ் அணிக்கு வந்து, 21 வயதில் சீசனின் முதல் ஆட்டத்திலேயே தொடங்கினார். முதல் வீச்சை எதிரணி பறித்துப் புள்ளியாக்கியது. ஆனாலும் அந்த ஆட்டத்தை ஜெட்ஸ் 48-17 என்று வென்றது. முதல் ஆண்டு முடிந்ததும் பயிற்சியாளர் மாறினார். 2019 அக்டோபரில் நியூ இங்கிலாந்துடன் ஒரு திங்கள்கிழமை இரவு ஆட்டம். ஜெட்ஸ் 33-0 என்று தோற்றது, டார்னால்டின் நான்கு வீச்சுகள் பறிபோயின. ஓரத்தில் உட்கார்ந்திருந்தபோது 'பேய்கள் தெரிகின்றன' என்று அவர் முணுமுணுத்ததை ஒலிவாங்கி பிடித்தது, தொலைக்காட்சி ஒளிபரப்பியது. எங்கிருந்து யார் வருகிறார்கள் என்று புரியவில்லை, இல்லாத ஆள்கூட இருப்பதாகத் தோன்றுகிறது என்பதற்கு ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் பேச்சு அது. 22 வயது இளைஞர் ஒருவர் தன் பயிற்சியாளரிடம் உண்மையைச் சொன்னார். பல ஆண்டுகள் அந்த ஒரு வாக்கியத்தாலேயே அவரைக் கேலி செய்தார்கள். 2020இல் ஜெட்ஸ் இரண்டே ஆட்டம் வென்றது. அவரைக் கரோலினாவுக்கு அனுப்பிவிட்டு 2021இல் இரண்டாவது இடத்தில் ஸாக் வில்சனை எடுத்தார்கள். அவரும் மூன்று ஆண்டுகளில் வெளியேறினார். ஆட்டக்காரரை மாற்றியும் விளைவு மாறவில்லை என்றால் கோளாறு எங்கே இருக்கிறது என்று ஊகிக்கக் கடினமில்லை.

மேஃபீல்ட் கதையும் இதே போக்குத்தான், சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2017இல் ஓர் ஆட்டம்கூட வெல்லாத கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அவரை எடுத்தது. நான்கு ஆண்டுகளில் இடைக்காலத்தவரையும் சேர்த்து நான்கு தலைமைப் பயிற்சியாளர்கள். அதற்கு நடுவிலும் 2020 சீசனில், கால் நூற்றாண்டுக்கு மேலாகக் கிடைக்காத பிளேஆஃப் வெற்றியை அவர் வாங்கிக் கொடுத்தார். 2022இல் டெஷான் வாட்சனுக்காக மூன்று முதல் சுற்று முறைகளையும் 23 கோடி டாலரையும் கொட்டிவிட்டு மேஃபீல்டை அனுப்பினார்கள். அவர் டாம்பாவில் நிலைபெற்று 2023, 2024 இரண்டு ஆண்டுகளும் பிரிவுப் பட்டம் வென்றார்.

லமார் ஜாக்சன் விஷயத்தில் வேறொரு பழைய கணக்கும் இருந்தது. லூயிவில் பல்கலைக்கழகத்தில் 2016இல் கல்லூரி ஆட்டத்தின் உயர்ந்த விருதான ஹைஸ்மன் வென்றவர் அவர். ஆனாலும் டிராஃப்ட் நெருங்கியபோது, அவர் பந்து பிடிக்கும் இடத்துக்கு மாறிவிடலாம் என்று அனுபவமிக்க நிர்வாகிகளே வெளிப்படையாகப் பேசினார்கள். கறுப்பின குவார்ட்டர்பேக்குகளுக்கு இது புதிய பேச்சல்ல. 1968இல் டென்வருக்காக அந்த இடத்தில் நன்றாக ஆடிய மார்லின் பிரிஸ்கோவுக்கு அடுத்த ஆண்டே அந்த இடம் மறுக்கப்பட்டது. அவர் பந்து பிடிப்பவராக மாறித்தான் பிழைத்தார். 1978இல் வாரன் மூனை எந்த அணியும் எடுக்கவில்லை. கனடாவின் எட்மன்டனுக்குப் போய் ஐந்து முறை கிரே கோப்பை வென்றுவிட்டுத்தான் என்.எஃப்.எல்.லுக்குள் வந்தார், பிறகு புகழ்க்கூடத்திலும் இடம்பெற்றார். ஓட்டத்தைக் காட்டினால் வேறு இடத்துக்குத் தள்ளிவிடுவார்கள் என்பதால் ஜாக்சன் கம்பைனில் 40 கஜம் ஓடவே இல்லை. நான் குவார்ட்டர்பேக், அவ்வளவுதான் என்றார்.

பால்டிமோர் ரேவன்ஸும் அன்று 25ஆவது முறையில் வேறொருவரைத்தான் எடுத்தது. சுற்று முடியும் தறுவாயில் பிலடெல்பியாவோடு பேரம் பேசி 32ஆவது முறையை வாங்கியது. முதல் சுற்றில் வந்தவருக்கு மட்டும் ஒப்பந்தத்தை ஐந்தாம் ஆண்டுக்கு நீட்டும் உரிமை அணிக்கு உண்டு என்பதால் அந்த ஓரிடத்துக்கே தனி மதிப்பு. அவரை உடனே இறக்காமல் ஜோ ஃபிளாக்கோவின் பின்னால் நவம்பர்வரை வைத்திருந்தார்கள். பிறகு செய்ததுதான் முக்கியம். அதுவரை இருந்த தாக்குதல் திட்டத்துக்குள் அவரைத் திணிக்கவில்லை; கிரெக் ரோமனைப் பொறுப்பில் வைத்து, ஜாக்சனின் ஓட்டத்தையும் வீச்சையும் சுற்றி 2019இல் புதிய திட்டம் ஒன்றையே கட்டினார்கள். 14 வெற்றி, 2 தோல்வி. டச்டவுன் வீச்சில் லீகிலேயே முதலிடம், ஓட்டத்தில் 1,206 கஜம், மிகச் சிறந்த வீரர் விருதுக்கு வாக்களித்த அத்தனை பேரின் வாக்கும். அதே ஜாக்சனை வேறோர் அணி எடுத்து, நின்ற இடத்திலிருந்து மட்டுமே வீசச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் மனம் கலங்குகிறது.

எல்லாரையும் உட்கார வைத்துக் காத்திருக்கச் செய்தால் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. பேட்ரிக் மஹோம்ஸ் 2017இல் பத்தாவதாக வந்து, அலெக்ஸ் ஸ்மித்தின் பின்னால் ஓராண்டு கற்று, அடுத்த ஆண்டு 50 டச்டவுன் வீசினார். ஆனால் 1998இல் பெய்ட்டன் மேனிங் முதல் நாளே இறங்கி, 28 முறை பந்தைப் பறிகொடுத்து, மூன்றே ஆட்டம் வென்று, அதிலேயே கற்றுக்கொண்டார். முதல் நாளில் இறங்குவதும் ஓராண்டு உட்காருவதும் ஆளைப் பொறுத்தது. இருவருக்கும் பொதுவாக இருந்தது, அவசரப்பட்டுக் கைவிடாத அணி.

2023இல் கரோலினா பாந்தர்ஸ் இதைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது. முதல் இடத்துக்கு ஏற, சிகாகோவுக்கு இரண்டு முதல் சுற்று முறைகளையும் இரண்டு இரண்டாம் சுற்று முறைகளையும் கொடுத்தது. போதாதென்று தன் மிகச் சிறந்த பந்து பிடிப்பவரான டி.ஜே. மூரையும் கொடுத்தது. புதிய குவார்ட்டர்பேக் பிரைஸ் யங் யாருக்கு வீசுவார் என்ற கேள்வி அன்றே எழுந்தது. பதினோர் ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் ஃபிராங்க் ரைக் நீக்கப்பட்டார். அணி இரண்டே ஆட்டம் வென்று கடைசி இடத்துக்குப் போக, கொடுத்துவிட்டிருந்த அடுத்த ஆண்டு முறை டிராஃப்டின் முதல் முறையாக மாறி சிகாகோவுக்குப் போயிற்று. அதில்தான் கேலப் வில்லியம்ஸ் வந்தார். 2024இல் கரோலினா தடுப்பு வரிசையில் பணத்தைப் போட்டது. புதிய பயிற்சியாளர் டேவ் கனாலிஸ் இரண்டு ஆட்டத்திலேயே யங்கை உட்கார வைத்தாலும், அக்டோபர் இறுதியில் திரும்ப இறக்கி நம்பிக்கை வைத்தார். 2025 சீசனில் அதே யங் அணியைப் பிளேஆஃபுக்குக் கொண்டுபோனார்.

இப்போது வரும் இளைஞர்கள் சற்று வேறு மாதிரியானவர்கள். 2021 ஜூலை முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். கல்லூரி விட்டுக் கல்லூரி மாறுவதும் எளிதாகிவிட்டது. அதனால் நான்கு, ஐந்து, ஆறு ஆண்டுகள்கூடக் கல்லூரியில் ஆடிவிட்டு வருகிறார்கள். 2024இல் டென்வர் எடுத்த போ நிக்ஸ் கல்லூரியில் 61 ஆட்டங்கள் தொடங்கியவர். 2025இல் முதலாவதாக வந்த கேம் வார்ட் மூன்று பல்கலைக்கழகங்களில் ஆடியவர். மூன்று பயிற்சியாளர்களின் திட்ட மொழியை ஏற்கெனவே கற்றவர். இது நல்லதென்றே நினைக்கிறேன். சீர்குலைந்த அணிக்குள் போகும்போது 21 வயதில் போவதற்கும் 23 வயதில் பல ஆட்டங்களின் தழும்போடு போவதற்கும் வேறுபாடு உண்டு. ஆனால் வார்டை எடுத்த டென்னசி டைட்டன்ஸ், முதல் சீசனின் ஆறாவது ஆட்டத்தோடு பயிற்சியாளரை நீக்கிவிட்டது. அனுபவம் இருந்தாலும் அவரும் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து கற்க வேண்டியதாயிற்று.

டார்னால்டுக்குத் திரும்புகிறேன். 2023இல் சான்பிரான்சிஸ்கோவில் பர்டியின் மாற்று ஆளாக உட்கார்ந்து, கைல் ஷனகனின் திட்டத்தைக் கற்றார். 2024இல் மினசோட்டா வைக்கிங்ஸ் பத்தாவதாக எடுத்த ஜே.ஜே. மெக்கார்த்திக்கு முழங்காலில் அடிபட, டார்னால்ட் முழு சீசனும் ஆடினார். கெவின் ஓகானல் என்ற, தானே குவார்ட்டர்பேக்காக இருந்த பயிற்சியாளர். ஜஸ்டின் ஜெஃபர்சன் என்ற ஒப்பற்ற பந்து பிடிப்பவர். 35 டச்டவுன், 14 வெற்றி. கடைசி இரண்டு ஆட்டங்களில் தடுமாறியதும் பழைய பேச்சு திரும்பியது. வைக்கிங்ஸ் மலிவு ஒப்பந்தத்தில் இருந்த மெக்கார்த்தியை நம்பி அவரைப் போக விட்டது. சியாட்டில் சீஹாக்ஸ் மூன்று ஆண்டுகளுக்குச் சுமார் 10 கோடி டாலருக்கு அவரை எடுத்துக்கொண்டது. 2026 பிப்ரவரியில் சியாட்டில் சூப்பர் பௌலை 29-13 என்று வென்றது. எதிரில் நின்ற அணி, ஜெட்ஸ் நாள்களில் அவரை நிலைகுலைய வைத்த அதே நியூ இங்கிலாந்து. அந்த சீசனில் மினசோட்டா பிளேஆஃபுக்குள் நுழையவில்லை.